மாதுளந்தோல் மருந்தாகுமா?

கேள்வி: வயிற்றுப்போக்குக்கு எங்கள் பக்கம் மாதுளந்தோல் கஷாயம் கொடுப்போம். அதன் சத்தைப் பிரித்து மாத்திரையாக்க முடியாதா? (வாசகி, தொண்டி)

பதில்: முடியலாம், ஆனால் வழி நீளம். விளக்கெண்ணெயால் பேதியாக்கிய எலிகளுக்குச் சாற்றைக் கொடுத்து, கூண்டின் அடியில் விரித்த தாளில் விழும் ஈரக் கழிச்சலை எண்ணுவது தொடக்கம் மட்டுமே. குடலசைவு முடங்கினாலும் பேதி நின்றதுபோலத் தோன்றும் என்பதால், அந்த எண்ணிக்கையை மட்டும் நான் நம்பமாட்டேன். மரச்சத்து மருந்தானதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு: தென்னமெரிக்க மரமொன்றின் செம்பாலிலிருந்து பிரித்த குரோஃபெலமர் என்னும் மருந்து, குடற்சுவரின் குளோரைடு வாய்க்கால்களை அடைத்து நீர்க்கசிவைக் குறைக்கிறது. அதையும் 2012இல் அமெரிக்கா அனுமதித்தது, எச்.ஐ.வி. சிகிச்சையிலிருக்கும் பெரியவர்களுக்கு வரும், தொற்றால் அல்லாத பேதிக்குத்தான். குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாகமுமே முதல் மருந்து. கரைசலுக்குக் கரிக்கும் கிணற்று நீர் வேண்டாம், உப்பு மிகுந்துவிடும். குடிநீரையே காய்ச்சி ஆறவைத்துக் கரையுங்கள்.