பழைய பொருள்களோடு வாழ்வது – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 24 வயது. இசைத்தட்டில்தான் பாட்டு கேட்கிறேன், ஃபிலிம் கேமராவில்தான் படம் எடுக்கிறேன். இப்போது ஒரு பழைய தட்டச்சு இயந்திரமும் வாங்கியிருக்கிறேன். நண்பர்கள் ‘சும்மா சீன் போடுறே’ என்கிறார்கள். எனக்கோ அந்தக் காலத்தின் நிதானம் பிடித்திருக்கிறது. எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போடுவதே ஒரு தியானம் போல இருக்கிறது. நான் நிகழ்காலத்திலிருந்து தப்பி ஓடுகிறேனா? செல்பேசியையும் விட்டுவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சீன் போடுகிறீர்களா என்று கவலைப்பட வேண்டாம். உங்கள் வயதில் எல்லாரும் ஏதாவது வேஷம் கட்டிப் பார்ப்பவர்கள்தான். சிலது ஒட்டிக்கொள்ளும், சிலது உதிர்ந்துவிடும். செல்பேசி உங்கள் பாடு.

ஆனால் ‘அந்தக் காலத்தின் நிதானம்’ என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. எந்த நிதானம்? நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டு சில நிமிடங்களில் முடிந்துவிடும். எழுந்து எழுந்து மாற்றுகிற அந்த அவஸ்தையைக் குறைக்கத்தான் 1948இல் கொலம்பியா நிறுவனம் பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஓடும் எல்.பி. என்ற நீண்ட நேர இசைத்தட்டைக் கொண்டுவந்தது. சோம்பேறிகளுக்காக வந்த பொருளில் நீங்கள் தியானம் செய்கிறீர்கள். 1888இல் வந்த கோடக் கேமராவும் அப்படித்தான். 100 படம் எடுத்து முடித்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட்டால் போதும், கழுவி அச்சிட்டு புதுச் சுருளும் போட்டுத் தருவார்கள். தட்டச்சு இயந்திரம் அலுவலகத்துக்குள் நுழைந்ததே வேகத்துக்காக. அதன் முன் உட்கார்ந்து நாள் முழுக்க அடித்துத் தள்ளிய பெண்களிடம் போய் நிதானம் என்று சொல்லிப் பாருங்கள்.

அந்தப் பொருள்களிடம் இருந்த உண்மையான சிறப்பு வேறு. அவற்றைத் திறக்கலாம், உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், சரிசெய்யலாம்.

நான் வேலை பார்த்த இடத்துக்குத் தட்டச்சு இயந்திரம் பழுதுபார்க்க ஒரு மெக்கானிக் வருவார். ஒரு வரி அடிக்கச் சொல்லிவிட்டு, இயந்திரத்தைப் பார்க்காமல் எங்கோ பார்த்தபடி காதைக் கொடுப்பார். “ஸ்பிரிங் தளர்ந்திருக்கு தம்பி” என்பார், தளர்ந்துதான் இருக்கும். பெட்ரோலில் பிரஷை நனைத்து எழுத்துகளைத் தேய்ப்பார். சுழிக்குள் இறுகிப்போன மையைக் குண்டூசியால் நோண்டி எடுத்துச் சட்டையிலேயே துடைத்துக்கொள்வார். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே நாடா மாற்றவும், பின்னிக்கொண்ட கம்பிகளைப் பிரிக்கவும் நான் கற்றுக்கொண்டேன். அந்த இயந்திரத்தின் மேல் எனக்குப் பிரியம் வந்தது அப்படித்தான்.

நீங்கள் வாங்கிக்கொண்டே போகிறீர்கள். பார்த்துக்கொள்வது யார்? எடுத்தவுடனே படம் கைக்கு வந்துவிடும் ஃபிலிமைப் போலராய்டு நிறுவனம் 2008இல் கைவிட்டபோது, நெதர்லாந்தின் என்ஸ்கெடேயில் இருந்த கடைசித் தொழிற்சாலையை முன்னாள் ஊழியர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து காப்பாற்றினார்கள். பழைய ரசாயனங்கள் கிடைக்கவில்லை, கலவையையே புதிதாகத் தேட வேண்டியிருந்தது. முதலில் வந்த படங்கள் வெளிறிக் கிடந்தன. விடாமல் செய்தார்கள், அதனால்தான் இன்று அந்த ஃபிலிம் கிடைக்கிறது. இசைத்தட்டின் கதையும் இதுவே. இசைத்தட்டு அச்சிட முதலில் ஒரு மூலத்தட்டில் பள்ளம் வெட்ட வேண்டும்; அதற்கான அரக்குத் தட்டுகளைச் செய்துவந்த கலிஃபோர்னியா ஆலை 2020இல் எரிந்தது. உலகத்துக்கே மிஞ்சியது ஜப்பானில் ஒரே ஓர் ஆலை. உங்கள் பொழுதுபோக்கு இத்தனை சில கைகளில் தொங்குகிறது, நீங்களோ தட்டு சுழல்வதை வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொண்டிருப்பீர்கள்!

கோபித்துக்கொள்ளாதீர்கள். 24 வயதில் ஒரு பெண் தட்டச்சு இயந்திரத்தை வீட்டுக்குத் தூக்கிவந்தாள் என்று படித்தபோது மனசு குளிர்ந்தது உண்மை. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். பிளேயரின் ஊசியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? தேய்ந்த ஊசி பள்ளத்தை அரித்துவிடும். அப்புறம் புது ஊசி போட்டாலும் அந்தத் தட்டு தேறாது. தட்டுகளைப் படுக்கப்போட்டு அடுக்கியிருந்தால் இன்றைக்கே நிமிர்த்தி வையுங்கள். தட்டச்சு இயந்திரம் பழுதாகும்போது மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், கூடவே உட்காருங்கள்.

அடுத்த கடிதத்தை அந்த இயந்திரத்திலேயே அடித்துத் தபாலில் போடுங்கள். சுழிகள் மை அடைத்துக் கருப்பாக வந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.