நுகர்வோர் கேள்வி-பதில்: தோள்வலிக்கு விலை போட்டவர்கள்

ஜனவரியில் ஜிம்மில் சேர்ந்தவர்கள் மார்ச்சில் எனக்குக் கடிதம் எழுதத் தொடங்குவார்கள். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை தோள்பட்டையைப் பற்றியவை. சுருக்கி வெளியிட்டிருக்கிறேன்.

ஜிம்மில் ஓராண்டுச் சந்தா 18,000 ரூபாய் கட்டினேன். இரண்டாம் மாதமே பெஞ்ச் பிரஸ் (பலகையில் படுத்துக்கொண்டு கம்பியை நெஞ்சுக்கு மேலே தள்ளித் தூக்குவது) செய்யும்போது வலது தோளில் பிடித்துக்கொண்டது. இருபுறமும் 20 கிலோ தட்டு மாட்டி, "நாற்பது கிலோதான், பயப்படாதீர்கள்" என்று பயிற்சியாளர் சொன்னதால்தான் தூக்கினேன். மூன்று மாதம் எடை தொடக்கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். மீதிப் பணத்தைக் கேட்டால், "கட்டிய பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று ரசீதில் இருப்பதைக் காட்டுகிறார்கள்.
– திருப்பூர் வாசகர்

அந்த ஒரு வரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் காசு இருப்பவர்கள் எல்லாம் சட்டம் இயற்றிக்கொண்டிருக்கிறார்கள். ரசீதின் அடியில் எதை அச்சடித்தாலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அதற்கு மேலே நிற்கிறது. குறைபாடுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே அந்தச் சட்டம் சொல்கிறது. ரசீதில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள்தான் கெடு.

காலையில் எழுந்திருக்கச் சோம்பலாக இருக்கிறது என்று பணத்தைத் திருப்பிக் கேட்பவருக்கு இது உதவாது. சேவையில் குறை இருந்ததை நீங்கள் காட்ட வேண்டும். உங்கள் வழக்கின் உயிர் அந்த "நாற்பது கிலோ"வில் இருக்கிறது. ஏழடி நீள ஒலிம்பிக் கம்பி மட்டுமே 20 கிலோ. அதில் இருபுறமும் 20 கிலோ மாட்டினால் மொத்தம் 60. இரண்டு மாதம்கூட ஆகாத ஒருவர் நெஞ்சுக்கு மேல் 60 கிலோவை வைத்துக்கொண்டு 40 என்று நம்பியிருக்கிறார். சொல்லிக் கொடுக்க வேண்டியவருக்கே கம்பியின் எடை கணக்கில் வரவில்லை. முழங்கைகளைச் செங்கோணமாக விரித்துக்கொண்டு தூக்கினீர்களா என்பதையும் நினைவுபடுத்தி எழுதுங்கள். அப்படித் தூக்கினால் தோள்மூட்டின் முன்பக்கம் நசுங்கும். முழங்கையை உடம்போடு ஏறக்குறைய 45 பாகைக்குள் வைக்கச் சொல்வது பயிற்சியாளரின் முதல் நாள் வேலை. வாசல் பலகையில் "சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர்கள்" என்று எழுதியிருந்தால் அதைப் படம் எடுத்து வையுங்கள். சான்றிதழையும் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் மருத்துவரின் சீட்டு நகலோடு கடிதம் எழுதி, விரைவுத் தபாலில் ஒப்புகையோடு அனுப்புங்கள். மூன்று மாதம் சந்தாவை நிறுத்தி வைக்க வேண்டும், இல்லையேல் மீதிப் பணம் வேண்டும் என்று இரண்டையும் கேளுங்கள். பலர் நிறுத்தி வைக்கச் சம்மதித்துவிடுவார்கள். சம்மதிக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஜிம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

மற்றவர்களுக்கு ஒன்று. மாதம் 2,000, ஆண்டுக்கு 18,000 என்றால் ஒன்பது மாதம் முழுதாகப் போனால்தான் ஆண்டுச் சந்தாவில் உங்கள் முதல் திரும்பும். பணம் கட்டிய அத்தனை பேரும் ஒரே மாலையில் வந்து நின்றால் அந்தக் கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது. அது முதலாளிக்கு நன்றாகவே தெரியும். நீங்கள் வராமல் போவதை எதிர்பார்த்துத்தான் அந்தத் தள்ளுபடி. முதல் மூன்று மாதம் மாதக் கட்டணமே கட்டுங்கள், கூடுதலானாலும் பரவாயில்லை.

தோள்வலிக்கு எந்தத் தைலம் சிறந்தது?
– கரூர் வாசகர்

வீட்டில் ஏற்கெனவே இருப்பது.

"ஏழே நாளில் நிரந்தரத் தீர்வு" என்ற விளம்பரத்தை நம்பி இணையத்தில் 2,499 ரூபாய்க்குக் காந்தத் தோள் பட்டை வாங்கினேன். விளம்பரத்தில் காட்டிய குளிர்ப்பை இல்லை. வந்தது வெறும் எலாஸ்டிக் துணி. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாதாம்.
– விழுப்புரம் வாசகி

பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இப்படிப் பேசுகிறவர்களோடு தொலைபேசியில் வாதாட வேண்டாம், எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். முதல் வேலையாக அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேமியுங்கள். புகார் போனதும் முதலில் காணாமல் போவது அதுதான். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன பொருள் வேறு, வந்த பொருள் வேறு. இதில் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும், அங்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

வலிக்கும்போது கை தானாகப் பணப்பையிடம் போகிறது, அதில் வெட்கப்பட எதுவுமில்லை. நான் 3,800 ரூபாய்க்கு வாங்கிய மசாஜ் துப்பாக்கியால் இப்போது என் பேரன் வேற்றுக்கிரகவாசிகளைச் சுடுகிறான்.

சாலையோரக் கடையில் 40 கிலோ டம்பெல் செட் வாங்கினேன். 10 கிலோ என்று எழுதியுள்ள தட்டுகளில் ஒன்று வீட்டுத் தராசில் எட்டரை கிலோதான் காட்டுகிறது. ஒரு தட்டிலிருந்து சிமெண்ட் தூள் கொட்டுகிறது. பில் வாங்கவில்லை. நஷ்டஈடு கிடைக்குமா?
– மதுரை வாசகர்

பில் கேட்கவில்லை, எடை பார்க்கவில்லை, தட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நஷ்டஈடு மட்டும் மறக்காமல் கேட்கிறீர்கள்.

யுபிஐ மூலம் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவு ஓரளவுக்குச் சான்றாகும். ரொக்கம் என்றால் கடைக்காரரின் மனச்சாட்சியை நம்பிப் போங்கள். எடைக் குறைவைத் தொழிலாளர் துறையின் கீழ் உள்ள சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் செய்யலாம். அதுவரை அந்தத் தட்டுகளைத் தூக்காதீர்கள். கம்பியின் ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் எட்டரை என்று தூக்கினால் ஒரு தோள் மற்றதை ஈடுகட்டிக்கொண்டே இருக்கும், வலி அங்கிருந்துதான் தொடங்கும். அடுத்த முறை பிளாஸ்டிக் உறைக்குள் சிமெண்ட் அடைத்ததை விட்டுவிட்டு வார்ப்பிரும்பு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் பயன்படாமல் போனாலும் வீணாகாது. எங்கள் மொட்டைமாடிக் கதவு காற்றில் அடிக்காமல் நிற்பது நான் வாங்கிய ஐந்து கிலோ டம்பெல்லால்தான்.

என் மகனுக்கு 20 வயது. தோள்வலி என்றதும் ஜிம் பயிற்சியாளரே பயிற்சிக்கு முன் டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி மாத்திரை கொடுக்கிறார். "மூட்டு கேப்ஸ்யூல்" என்று 2,200 ரூபாய்க்கு ஒரு டப்பாவும் விற்றிருக்கிறார். அடுத்து ஊசி போடலாம் என்கிறாராம்.
– நாகர்கோவில் தாய்

அம்மா, இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக் அட்டவணை எச் மருந்து, மருத்துவரின் சீட்டில்லாமல் மருந்துக் கடையிலேயே கொடுக்கக்கூடாது. பயிற்சியாளருக்கு அதில் என்ன வேலை? வெறும் வயிற்றில் நாள்தோறும் போட்டால் இரைப்பையில் புண் வரும், சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. அதைவிட மோசம், மாத்திரையின் தயவில் வலி தெரியாமல் எடை தூக்குவது. கிழிந்துகொண்டிருக்கும் தசைநாண் வலித்துத்தான் நிறுத்தச் சொல்லும், அந்தக் குரலையே அடைத்துவிடுகிறார்கள். ஊசி எதுவாக இருந்தாலும் மருத்துவர் அல்லாதவர் கை படக்கூடாது. மாத்திரை அட்டையையும் டப்பாவையும் படம் எடுத்து உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மகன் பெயர் வெளியே வருமே என்று தயங்காதீர்கள், அவனுக்குப் பின்னால் இன்னும் எத்தனை பிள்ளைகள் அந்த வரிசையில் நிற்கிறார்களோ.

டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது உணவுப்பொருள், மருந்து அல்ல. வலியைத் தீர்க்கும் என்று சொல்லி விற்றதே தவறு. எண்ணே இல்லையென்றால் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு இன்னொரு புகார்.

வயது 46. எடை தூக்கும்போது மட்டும் தோள் வலிக்கிறது. ஸ்கேன் மையத்தில் எம்ஆர்ஐக்குச் சலுகை போட்டிருக்கிறார்கள். மருத்துவரிடம் போகுமுன் எடுத்து வைத்துக்கொள்ளலாமா?
– சேலம் வாசகர்

வேண்டாம். உங்கள் வயதில் வலியே இல்லாத தோளைப் படம் எடுத்தாலும் ஏதாவது தேய்மானம், சிறு கிழிசல் என்று அறிக்கை வரும். அதைப் படித்துவிட்டுத் தூக்கம் போகும், பிறகு கத்தி வைக்கச் சொல்லி நீங்களே கேட்பீர்கள். பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு 2018இல் லான்செட் இதழில் வெளியானது. தோளை உயர்த்தும்போது வரும் வலிக்காக எலும்பைச் செதுக்கிவிடும் அறுவை செய்துகொண்டவர்களையும், துளையிட்டு உள்ளே பார்த்ததோடு நிறுத்தியவர்களையும் ஒப்பிட்டார்கள். சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. மருத்துவர் கையைத் தூக்கியும் திருப்பியும் பார்த்தபின் தேவையென்றால் எழுதித் தருவார். பல நேரங்களில் செலவு குறைந்த அல்ட்ராசவுண்டே போதும்.

சலுகைக்காகக் காத்திருக்கக்கூடாத நிலைகள் வேறு. பட்டென்று சத்தம் கேட்டபின் கையை உயர்த்தவே முடியவில்லை, விரல்கள் மரத்துப்போகின்றன, தோளின் உருவம் மாறிவிட்டது என்றால் அன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள். இடது தோள்வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் 108.

பிசியோதெரபிக்கு 20 அமர்வுக்கு 9,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். எட்டு முறை போய்விட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு இயந்திரத்தை மாட்டிவிட்டு, கால் மணி நேரம் கழித்து வந்து கழற்றுகிறார்கள். வலி அப்படியே இருக்கிறது.
– தஞ்சாவூர் வாசகி

தோள்வலிக்கு நீங்கள் பணம் கொடுத்து வாங்க வேண்டியது பயிற்சி. இயந்திரச் சூடு கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். தோள்மூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் நான்கு சிறு தசைகளைப் படிப்படியாக வலுப்படுத்த ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். அக்குளில் சுருட்டிய துண்டை இடுக்கிக்கொண்டு, ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுப்பது போன்ற எளிய அசைவுகள்தான். சரியாகச் சொல்லிக் கொடுத்து, எடையைக் கூட்டிக்கொண்டே போக ஒருவர் வேண்டும். அடுத்த முறை போகும்போது உங்களுக்கான பயிற்சித் திட்டத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் மீதி 12 அமர்வுக்கான 5,400 ரூபாயை எழுத்தில் கேளுங்கள், திருப்பூர்க்காரருக்குச் சொன்ன வழி உங்களுக்கும் பொருந்தும். நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். தோள்வலிக்காரர் கடையில் வாங்க நான் சம்மதிக்கும் ஒரே பொருள் அந்த ரப்பர் பட்டை.

தோள் பலப்படக் கர்லாக்கட்டை வாங்கலாமா? எத்தனை கிலோ?
– திண்டுக்கல் வாசகர்

வலி இருக்கும்போது வேண்டாம். அடங்கியபின் தெரிந்தவரிடம் கற்றுக்கொண்டு, இருப்பதிலேயே எடை குறைந்ததில் தொடங்குங்கள். சுவரில் மாட்டி அழகு பார்க்கப் பெரிதாக வாங்குகிறவர்கள்தான் அடுத்த மாதம் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். கைப்பிடியில் மயிரிழை விரிசல் இருந்தால்கூட வாங்காதீர்கள். சுழற்றும்போது முறிந்தால் அது பறந்து போய் விழும் இடத்தில் யாராவது நிற்பார்கள்.

2025 டிசம்பரில் ஜிம் சந்தா கட்டினேன். ரசீதில் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். சரியா?
– வேலூர் வாசகர்

தவறு. 22.9.2025 முதல் 5 சதவீதம். ரசீதில் ஜிஎஸ்டி பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணே இல்லையென்றால் அந்த ஐந்தையும் வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை.