தெரியும் என்று சொல்கிறவர்கள்

அன்புள்ள ஐயா,

எட்டு மாதம் முன்பு வேலை மாறி, யூட்டா மாநிலத்தில் லீஹை என்ற ஊருக்குக் குடிவந்தோம். சாமான் இறக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரர் தன் இரண்டு பையன்களோடு வந்து கட்டில், மேசை எல்லாம் தூக்கிக் கொடுத்தார். அவர் மனைவி வீட்டில் சுட்ட ரொட்டி கொண்டுவந்தார். பதிலுக்கு என் மனைவி ஃபில்டர் காபி போட்டு எடுத்துப்போனாள். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அவர்கள் மார்மன் என்ற மதப் பிரிவினர். பதினெட்டு வயது மூத்த பையன் இப்போது கல்லூரியை விட்டுவிட்டு இரண்டு வருட மத ஊழியத்துக்கு பிலிப்பைன்ஸ் போகிறான். அலுவலக நண்பர்களோ, ‘அவர்கள் கிறிஸ்தவர்களே இல்லை, நாலு பெண்டாட்டிக்காரர்கள், மதம் மாற்றத்தான் பழகுகிறார்கள்’ என்கிறார்கள். ஒருநாள் ‘நீங்கள் மார்மன்தானே’ என்று கேட்டதற்கு, ‘இப்போது அப்படிச் சொல்வதில்லை’ என்று அந்த அம்மா மெல்லத் திருத்தினார். மார்மனாக இருப்பது என்றால் உண்மையில் என்ன?

ஒரு வாசகர், லீஹை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் குடியிருக்கும் ஊரின் பெயரே அவர்களுடைய வேதமான ‘மார்மன் நூலி’லிருந்து வந்தது. எருசலேமை விட்டுக் குடும்பத்தோடு வெளியேறி, கடல் கடந்து அமெரிக்கா வந்துசேரும் தீர்க்கதரிசியின் பெயர் லீஹை. உங்கள் மாநில நெடுஞ்சாலைப் பலகைகளில் எண்ணைச் சுற்றி ஒரு தேன்கூடு வரைந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அதுவும் அவர்கள் விட்டுச்சென்ற அடையாளம்தான்.

நாலு பெண்டாட்டி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். சபையை நிறுவிய ஜோசஃப் ஸ்மித்துக்கு நான்கு அல்ல, முப்பதுக்கும் மேற்பட்ட மனைவியர். சபையே இதை 2014இல் எழுத்தில் ஒப்புக்கொண்டது. 1852இல் பலதார மணத்தைப் பகிரங்கமாக அறிவித்தார்கள். அமெரிக்க அரசு சட்டம் போட்டுச் சபையின் சொத்தில் கைவைத்தபின், 1890இல் அப்போதைய தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் அதைக் கைவிடும் அறிக்கையை வெளியிட்டார். ஆறு வருடம் கழித்து யூட்டா மாநிலமானது. இன்று இரண்டாவது மனைவி கட்டினால் சபையை விட்டு நீக்கிவிடுவார்கள். பிரிந்துபோன சிறு குழுக்களில் அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது. உங்கள் நண்பர்கள் கேள்விப்பட்டது அவர்களைப் பற்றியதாக இருக்கும்.

கிறிஸ்தவர்களா என்றால், யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. அவர்களைக் கேட்டால், சபையின் பெயரிலேயே கிறிஸ்து இருக்கிறார் என்பார்கள். ஆனால் பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் தனித்தனி என்பது அவர்கள் கொள்கை. பைபிளுக்குச் சமமாக இன்னொரு வேதமும் உண்டு. அவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001இல் வத்திக்கான் சொல்லிவிட்டது. பெயர் விவகாரம் எனக்கே கொஞ்சம் வேடிக்கை. 2010இல் ‘நான் ஒரு மார்மன்’ என்று அவர்களே விளம்பரம் செய்தார்கள். 2018இல் அப்போதைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன், இனி ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்று முழுப்பெயரையே சொல்லச் சொன்னார். பழக்கதோஷத்தில் இந்தப் பதிலில் மார்மன் என்றே எழுதுகிறேன். நீங்கள் அந்த அம்மாவிடம் அப்படிச் சொல்லாதீர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பர் கூட்டிப்போக, சால்ட் லேக் சிட்டியில் ஒரு வார்டின், அதாவது அந்தப் பகுதிச் சபைக்கிளையின், ஞாயிறு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு வயதுப் பையன்கள் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, தட்டில் ரொட்டித் துண்டும் குட்டிக் கோப்பைகளில் தண்ணீரும் ஏந்தி வரிசை வரிசையாக வந்தார்கள். திராட்சரசம் கிடையாது. அன்று மாதத்தின் முதல் ஞாயிறு, பிரசங்கமும் இல்லை. யாருக்குத் தோன்றுகிறதோ அவர் எழுந்துபோய் ஒலிபெருக்கி முன் பேசலாம். ஒரு தாத்தா தன் முழங்கால் அறுவைசிகிச்சையில் ஆரம்பித்து அழுகையில் முடித்தார். ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று, அம்மா காதில் ஓதிக்கொடுக்க, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னது: “இந்தச் சபை உண்மையானது என்று எனக்குத் தெரியும்.” பேசிய எல்லோருமே அப்படித்தான் முடித்தார்கள். ஒருவர்கூட ‘நம்புகிறேன்’ என்று சொல்லவில்லை. ‘தெரியும்.’

எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது. தெரிவதற்கு என்ன ஆதாரம்? நியூயார்க் மாநிலத்துக் குடியானவர் வீட்டுப் பையனான ஜோசஃப் ஸ்மித்துக்கு ஒரு தேவதூதன் தங்கத் தகடுகளைக் காட்டுகிறான். அவன் அதை மொழிபெயர்த்து 1830இல் ‘மார்மன் நூல்’ என்று வெளியிடுகிறான். தகடுகளைத் தேவதூதன் திரும்ப எடுத்துக்கொண்டுவிடுகிறான். அந்த நூல் சொல்வதுபோல் பழைய இஸ்ரேலியர் அமெரிக்காவில் வந்து குடியேறினார்கள் என்பதற்கு அகழாய்விலும் சான்றில்லை, மரபணுவிலும் சான்றில்லை.

நண்பரிடம் கேட்டேன். அவர் வாதாடவில்லை. “அடுத்த வாரம் இரண்டு வீட்டுக்குப் போகணும், வர்றீங்களா?” என்றார். போனேன். அதன்பிறகுதான் எனக்கு ஏதோ பிடிபட்டது. எந்த வார்டுக்குப் போவது என்பது நம் ஊர் ரேஷன் கடை மாதிரி, முகவரிதான் தீர்மானிக்கும். பிடித்த பிரசங்கியாரைத் தேடிப் போக முடியாது. அங்கே பிரசங்கியாரே இல்லை. வார்டின் பிஷப் பகலில் பல் மருத்துவராகவோ குழாய் வேலைக்காரராகவோ இருப்பார். நான்கைந்து வருடம் சம்பளமில்லாமல் அந்த வேலையைப் பார்த்துவிட்டு, பிறகு சிறுவர் வகுப்பில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போய்விடுவார். எதற்கும் நாமாக மனுப் போட முடியாது, அழைப்பு வரும். ஒவ்வொருவருக்கும் சில வீடுகளை ஒப்படைத்திருப்பார்கள். யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு வேலை போயிற்று என்று பார்த்துவர வேண்டும். திங்கள் மாலை குடும்பத்துக்கு. வருமானத்தில் பத்தில் ஒன்று சபைக்கு. முதல் ஞாயிறு இரண்டு வேளை பட்டினி கிடந்து, அந்தச் சாப்பாட்டுக் காசை இல்லாதவர்களுக்குத் தர வேண்டும். சாவு வீட்டுக்குப் பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கு போகும். அதன் பெயரே சாவு உருளைக்கிழங்குதான்! ஆக, மார்மனாக இருப்பது பெரும்பாலும் ஒரு வேலைப் பட்டியல். அத்தனையும் செய்து செய்து, ‘தெரியும்’ என்று சொல்லும் இடத்துக்கு வந்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கட்டிலைத் தூக்கியதில் மதமாற்றக் கணக்கு துளியும் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எதிர்வீட்டு மார்மனுக்கும் அதே மாதிரித்தான் தூக்கியிருப்பார்கள்.

இதற்கு விலையும் உண்டு. கறுப்பின ஆண்களுக்கு 1978 வரை குருத்துவம் கிடையாது. பெண்களுக்கு இன்றும் கிடையாது. ஞாயிறு கூட்டம் நடக்கும் இடம் வேறு, கோயில் வேறு. கோயிலுக்குள் நுழைய பிஷப்பின் நேர்காணலில் தேறிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில்லாத தாய் தகப்பன், உள்ளே பிள்ளைக்குக் கல்யாணம் நடக்கும்போது வெளியே காத்திருப்பார்கள். சபையை விட்டு வெளியேறுகிறவர் ஒரு நம்பிக்கையை மட்டும் விடுவதில்லை. திங்கள் மாலை, ஞாயிறு, அண்டை அயல் எல்லாம் சேர்ந்து போய்விடும். அப்படி வெளியேறிய ஒருவர் என்னிடம் சொன்னார், முதல் வருடம் வீட்டுக் கதவை யாருமே தட்டவில்லையாம்.

உங்கள் பக்கத்து வீட்டுப் பையன் பிலிப்பைன்ஸைத் தானாகத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டான், தலைமையகம் சொல்லும் இடத்துக்குத்தான் போக வேண்டும். செலவு குடும்பத்தினுடையது. பொதுவாகக் காலை ஆறரைக்கு எழுந்து, எப்போதும் ஒரு துணையோடுதான் நடமாட வேண்டும். வாரம் ஒருமுறை வீட்டுக்குப் பேசலாம். 2019க்கு முன் அதுகூடக் கிடையாது, வருடத்துக்கு இரண்டே தடவைதான். இந்த ஊழியர்கள் 1853இலேயே சென்னைக்கு வந்திருக்கிறார்கள் தெரியுமா? ரிச்சர்ட் பாலண்டைன் என்பவர் ஏறக்குறைய ஒரு வருடம் இருந்து பத்திரிகைகூட நடத்திப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் தேறவில்லை.

காபிக்கு வருகிறேன். மதுவும் புகையிலையும் ‘சூடான பானமும்’ கூடாது என்று 1833இல் ஜோசஃப் ஸ்மித்துக்கு வந்த வெளிப்பாடு. சூடான பானம் என்றால் காபியும் டீயும் என்று பொருள் சொல்லி, அப்படியே நிலைத்துவிட்டது. ஆறவைத்துக் கொடுத்தாலும் குடிக்கமாட்டார்கள். கோலாவுக்குத் தடையில்லை, உங்கள் ஊர் சோடாக் கடை வாசலில் நிற்கும் கார் வரிசைக்குக் காரணம் அதுதான். உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், ரசம் அந்தக் கணக்கில் வராது. பையன் கிளம்புமுன் சாப்பிடக் கூப்பிடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் வேண்டாம்.