கேமரா கேள்வி பதில்: மூடியைத் திறந்து பார்த்தீர்களா?

கேள்வி: ஐயா, என் முதல் குறும்படத்தை ஃபிலிமில் எடுக்க ஆசை. ஐந்து நிமிடக் கதை, இரண்டே இடத்தில்தான் வசனம். 8 எம்.எம். அகல ஃபிலிமில் ஓடும் பழைய சூப்பர் 8 கேமரா ஒன்றும், சாவி கொடுத்து ஓட்டுகிற கிராஸ்னோகோர்ஸ்க் 16 எம்.எம். கேமரா ஒன்றும் விலைக்கு வந்திருக்கின்றன. சூப்பர் 8-ல் ஒலியும் பதியலாம் என்று சொல்லி விலையைக் கூட்டுகிறார்கள். கையில் இருப்பது கொஞ்சம்தான். எதை வாங்கட்டும்?

பதில்: முதலில் காசைப் பிரித்து வையுங்கள் தம்பி. கேமராவுக்கு ஒரு தடவை கொடுத்தால் போதும். ஃபிலிமும், கழுவுகிற கூலியும், ஸ்கேனும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கை நீட்டும். சூப்பர் 8 கேட்ரிஜில், அதாவது ஃபிலிம் அடைத்து வருகிற சின்னப் பெட்டியில், இருப்பது 50 அடி, அதாவது 3,600 பிரேம். விநாடிக்கு 24 பிரேம் ஓட்டினால் இரண்டரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஷாட்டுக்கு மூன்று டேக் என்று வைத்தால் உங்கள் கதைக்கு ஆறு கேட்ரிஜ் ஆகும். அந்த ஆறுக்கான மொத்தச் செலவையும் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் கேமரா பாருங்கள். நான் தலைகீழாகச் செய்தவன். பளபளவென்று ஒரு கேமரா வாங்கிவிட்டு இரண்டே கேட்ரிஜோடு போய் நின்றேன். அந்தப் படத்தின் கடைசிக் காட்சி இன்னும் என் நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

கிராஸ்னோகோர்ஸ்க்-3 நல்ல முரட்டு வண்டி. ஓட்ட பேட்டரி வேண்டாம். முழுச் சாவிக்கு 25 விநாடி போல ஓடும். ஆனால் 16 எம்.எம். 100 அடி ஸ்பூலும் 24 பிரேமில் மூன்று நிமிடத்தைத் தொடாது. நேரம் ஏறக்குறைய அதேதான், செலவு மட்டும் கூடுதல். போதாததற்கு ஃபிலிமை நீங்களே கோக்க வேண்டும். லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிமில் வெளிச்சம் படுகிற சின்ன ஜன்னலுக்கு (‘கேட்’ என்பார்கள்) மேலேயும் கீழேயும் ஒரு சின்ன வளையம் விட வேண்டும். அந்த லூப் நழுவினால் படம் முழுக்கக் குதிக்கும். நழுவினால் ஓடுகிற சத்தம் மாறும், காதால் பிடித்துவிடலாம். எனக்கு ஒருமுறை நழுவியபோது பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. லேப்பிலிருந்து வந்த பிறகுதான் தெரிந்தது. முதல் படத்துக்கு சூப்பர் 8 போதும். கேட்ரிஜைச் செருகி மூடினால் வேலை முடிந்தது.

ஒலிக்காக ஒரு காசு கூடக் கொடுக்காதீர்கள். ஓரத்தில் காந்தப் பட்டை ஒட்டிய தனி ஃபிலிமில்தான் அந்த ஒலி பதியும். அதை 1997-லேயே கோடக் நிறுத்திவிட்டது. அந்தக் கேமராவில் ஒலியில்லாத கேட்ரிஜ் போட்டு எடுக்கலாம், அதில் தப்பில்லை. விலையைத்தான் குறைக்கச் சொல்லுங்கள். வசனம் இரண்டே இடம்தானே? பேசுகிறவரின் முதுகையோ கேட்கிறவரின் முகத்தையோ காட்டுங்கள். டேக் முடிந்த கையோடு, கேமரா சத்தம் இல்லாமல், அதே இடத்தில் போனில் வசனத்தைப் பதிந்துகொள்ளுங்கள்.

எந்த கம்பெனி, எந்த மாடல் என்று பலரும் எழுதிக் கேட்கிறார்கள். கேனான், நிக்கான், நீசோ எல்லாம் நல்ல பெயர்தான். ஆனால் இவ்வளவு பழைய கேமராவில் மாடலைவிட முக்கியம், அது எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதே. பார்க்கப் போகும்போது புது பென்சில் பேட்டரிகள், ஒரு டார்ச், ஒரு மார்க்கர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பேட்டரி அறை. பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பழைய பேட்டரி உள்ளேயே கசிந்திருக்கிறது. லேசாக இருந்தால் சுரண்டி எடுத்துவிடலாம், கம்பி வரை போயிருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்து லென்ஸுக்குள் டார்ச் அடியுங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் பூஞ்சை. அப்புறம், வெளிச்சத்தைக் கேமராவே அளந்து சரிசெய்கிற ஆட்டோ எக்ஸ்போஷரில் வைத்து, வெளிச்சமான ஜன்னலையும் இருட்டு மூலையையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், வெளிச்சம் காட்டும் முள் நகர வேண்டும். சில கேமராக்களில் வெளிச்சம் அளக்கிற மீட்டருக்கென்று தனியாக 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இருந்தது. இப்போது அது கிடைக்காது, 1.5 வோல்ட் போட்டால் மீட்டர் பொய் சொல்லும். ஜிங்க் ஏர் பேட்டரி ஓரளவு ஈடுகட்டும்.

கடைசிச் சோதனைதான் எனக்குப் பிடித்தது. மோட்டார் உறுமுகிறது என்பதால் ஃபிலிம் நகர்கிறது என்று அர்த்தமில்லை. வீணான பழைய கேட்ரிஜ் ஒன்று கிடைத்தால், அதன் சின்னச் சதுர வாயில் தெரிகிற ஃபிலிமில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். கேமராவில் போட்டு ஐந்து விநாடி ஓட்டி, வெளியே எடுங்கள். புள்ளி போயிருந்தால் உள்ளே இருக்கிற கொக்கி ஃபிலிமை இழுக்கிறது. அங்கேயே நின்றால் கேமராவை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். விற்கிறவர் “நேற்று கூட ஓடிச்சே” என்பார். மோட்டார் ஓடியிருக்கும்.

ஃபிலிம் வாங்குமுன் இன்னொன்று. கேட்ரிஜில் இருக்கிற வெட்டைத் தடவிப் பார்த்துத்தான் ஃபிலிமின் வேகத்தை, அதாவது அது வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் என்பதை, கேமரா தெரிந்துகொள்கிறது. எளிய மாடல்கள் பலவற்றுக்கு 40, 160 இரண்டுதான் தெரியும். 200 வேகமுள்ள டங்ஸ்டன் (பல்ப் வெளிச்சத்துக்கான) நெகடிவ் போட்டால் அதை 160 என்று எடுத்துக்கொண்டு கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் விடும். நெகடிவ் அதைத் தாங்கும். 500 போட்டு ராத்திரியில் எடுக்கும் யோசனையை இந்தப் படத்துக்கு வேண்டாம் என்றே சொல்வேன்.

கேள்வி: தாத்தாவின் ஃபுஜிகா கேமராவில் சூப்பர் 8 கேட்ரிஜ் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

பதில்: அநேகமாக அது சிங்கிள் 8, ஃபுஜியின் சொந்த 8 எம்.எம். முறை. சூப்பர் 8 வந்த 1965-லேயே வந்ததுதான். ஃபிலிமின் அகலமும் ஓட்டைகளும் சூப்பர் 8 போலவேதான், பெட்டிதான் வேறு. அந்தக் கேட்ரிஜை ஃபுஜி நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், மூடி உடையும். கேமரா வைத்திருந்த பெட்டிக்குள் தாத்தா எடுத்த சுருள் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். கழுவின சுருளை சூப்பர் 8 ஸ்கேனரிலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம்.