லைட்னிங் வண்டிக்குச் சின்ன புல்லி மட்டும் போட்டால் போதுமா?

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறேன். 2001 மாடல் ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறேன். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜரின் புல்லியை, அதாவது அதைச் சுற்றவைக்கும் பெல்ட் சக்கரத்தை, சின்னதாக மாற்றி, இன்ஜின் கணினியின் அமைப்புகளை டியூன் செய்தால் சக்கரத்தில் 400 குதிரைத்திறன் சுலபமாக வரும் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: வரும். ஆனால் தயவுசெய்து புல்லியிலிருந்து தொடங்காதீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்கினேன். நல்ல இன்ஜின் ஒன்று நூலிழையில் தப்பியது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் மிச்சிகனில் வசிக்கிறேன். என்னிடம் இருப்பது 2002 மாடல், கறுப்பு நிறம். இந்த வண்டியைத் தெரியாதவர்களுக்காக நாலு வரி: ஃபோர்டின் எஸ்விடி என்ற அதிவேக வண்டிப் பிரிவு 1999 முதல் 2004 வரை செய்த தலைமுறை இது. 5.4 லிட்டர் வி8 இன்ஜினின் தலைமேல் ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர். முதலில் 360 குதிரைத்திறன், 2001 மாடலிலிருந்து 380. இது இன்ஜினில் அளந்த கணக்கு, சக்கரத்துக்கு வந்து சேர்வது இதைவிடக் குறைவு. இரண்டு கதவு, குட்டையான பெட்டி, தரையோடு தாழ்ந்த உட்கார்வு. சேற்றிலும் மேட்டிலும் ஏறுவதற்கு அல்ல, தார்ச்சாலையில் பறப்பதற்கென்றே செய்த பிக்கப். 2003இல் மணிக்கு 147 மைல் ஓடி, உலகின் அதிவேகத் தயாரிப்பு பிக்கப் என்று கின்னஸில் இடம்பிடித்தது. மறுவருடமே டாட்ஜ் ராம் எஸ்ஆர்டி-10 அதை முறியடித்தது. அதில் இருந்தது 8.3 லிட்டர் வி10, சூப்பர்சார்ஜர் கிடையாது. இப்போது லைட்னிங் என்ற பெயரைக் கேட்டால் இளைஞர்களுக்கு ஃபோர்டின் மின்சார பிக்கப்தான் நினைவுக்கு வருகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சரி, புல்லி. எம்112 என்றால் அதன் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது 112 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.8 லிட்டர் காற்றைத் தள்ளும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும் என்பதால் 5.4 லிட்டர் இன்ஜின் ஒரு சுற்றில் இழுப்பது பாதிதான், 2.7 லிட்டர். சூப்பர்சார்ஜரோ இன்ஜின் ஒரு சுற்று முடிப்பதற்குள் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றிவிடுகிறது. ஆக, இன்ஜின் கேட்பதைவிட அதிகமான காற்று உள்ளே திணிக்கப்படுகிறது. அந்தத் திணிப்புதான் பூஸ்ட். கம்பெனியிலிருந்து வரும்போது சுமார் 8 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு). புல்லியைச் சின்னதாக்கினால் இன்னும் வேகமாகச் சுற்றும், பூஸ்ட் 10, 12 என்று ஏறும். கணக்கு அவ்வளவுதான். அதனால்தான் எல்லோரும் முதலில் அதில் கைவைக்கிறார்கள்.

கூடவே ஏறுகிற இன்னொன்று வெப்பம். இந்த ரூட்ஸ் வகை ஊதியை 1860இல் இந்தியானாவைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் தொழிற்சாலைக் காற்றூதியாகத்தான் காப்புரிமை செய்தார்கள். அது காற்றைத் தனக்குள் அமுக்குவதில்லை, வாரி வாரி முன்னே தள்ளுகிறது. எதிரே இருக்கும் குழாயில்தான் காற்று நெருங்கி அமுங்குகிறது. அப்படி அமுங்கும்போது மற்ற வகைகளைவிட அதிகமாகச் சூடாகிறது. 27 டிகிரி வெயிலில் 8 பிஎஸ்ஐ அமுக்கினாலே கணக்குப்படி காற்று 90 டிகிரி செல்சியஸ் பக்கம் போய்விடும். அதைத் தணிக்கத்தான் சூப்பர்சார்ஜருக்கு அடியில் இன்டர்கூலர் இருக்கிறது. அதற்குள் தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீரைச் சின்ன மின்பம்பு ஒன்று முன்பம்பருக்குப் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்க் குளிரவைத்துத் திரும்பக் கொண்டுவரும். இன்ஜின் ரேடியேட்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

என் கதைக்கு வருகிறேன். ஒரு ஜூலை மாதம், 4 பிஎஸ்ஐ கூட்டும் புல்லியும் அதற்கான டியூன் கோப்பும் வாங்கி, ஒரே சனிக்கிழமையில் மாட்டினேன். அந்த வேலைக்காக இன்டர்கூலர் தண்ணீரை வடித்து மறுபடி நிரப்பவும் வேண்டியிருந்தது. மாலையில் வண்டியை எடுத்தபோது முழுசாக மிதித்த முதல் இழுப்பே முதுகை இருக்கையோடு ஒட்டவைத்தது. இரண்டாவது இழுப்பில் கொஞ்சம் மந்தம். மூன்றாவதில், சூப்பர்சார்ஜரின் ஊளைக்கு அடியில், தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்குவது போல ஒரு சத்தம் லேசாகக் கேட்டது. அது நாக்கிங், சூட்டில் பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிக்கும் சத்தம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். அதற்குமேல் அழுத்தாமல் ஊர்ந்தே வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஆறு சுத்தமாக இருந்தன. இரண்டின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகள். ஒன்றில், அந்தப் புள்ளிகளுக்கு நடுவே ஊசிமுனை அளவுக்கு ஒரு மினுமினுப்பு. அது அலுமினியம், பிஸ்டனின் மேல்பரப்பிலிருந்து உருகி வந்தது. இன்னும் இரண்டு இழுப்பு இழுத்திருந்தால் பிஸ்டன் ஓட்டையாகியிருக்கும்.

மடிக்கணினியில் பதிவாகியிருந்ததைத் திறந்து பார்த்தேன். இன்டர்கூலரைத் தாண்டி இன்ஜினுக்குள் நுழையும் காற்று முதல் இழுப்பில் 58 டிகிரி, மூன்றாவதில் 104. இவ்வளவு சூட்டில் வண்டியின் கணினி தானாகவே ஸ்பார்க் விழும் நேரத்தைப் பின்தள்ளிக் காப்பாற்ற வேண்டும். நான் வாங்கிய டியூன் கோப்பில், வேகம் குறையக்கூடாது என்று அந்தக் காப்பையே யாரோ அணைத்திருந்தார்கள். அதை வாசித்துப் பார்க்காமல் ஏற்றியது என் தவறு. தண்ணீரைச் சரியாக நிரப்பாததும் என் தவறுதான். இன்ஜினை ஓடவிட்டு, முன்னால் குனிந்து, ரேடியேட்டருக்குப் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் இரண்டு கைகளால் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஜில்லென்று இருந்தன. மேலே இன்டர்கூலர் கொதிக்கிறது, கீழே குழாய் குளிர்ந்திருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? தண்ணீர் நகரவே இல்லை. குழாயில் காற்று அடைத்துக்கொண்டு, பம்பு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. வண்டியின் மூக்கை ஜாக்கியில் தூக்கி, தொட்டியில் தண்ணீர் சுழன்று ஓடுவது கண்ணுக்குத் தெரியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை வெளியேற்ற ஒரு மணி நேரம் பிடித்தது.

அதன்பிறகு பழைய புல்லிக்கே திரும்பி, எல்லாவற்றையும் அடியிலிருந்து செய்தேன். முதலில் பெரிய ரேடியேட்டர். பிறகு சைலன்சர் குழாயில் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார். எரிபொருள் கலவையை இது இல்லாமல் ஊகிக்கவே கூடாது. முழு பூஸ்டில் எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11.5 பங்கு காற்று என்ற அளவில் வைத்திருக்கிறேன். பூஸ்ட் ஏறும்போது பலரும் கவனிக்காத இடம் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார். அது 0 முதல் 5 வோல்ட் வரைதான் பேசும். 5 வோல்ட்டைத் தொட்டபின் எவ்வளவு காற்று கூடுதலாக வந்தாலும் கணினிக்குத் தெரியாது, பெட்ரோலைக் கூட்டாது, கலவை வறண்டுபோகும். என் பதிவில் 4.9 வரை போயிருந்தது. பெரிய சென்சார் மாற்றி, அதன் அளவைக் கணினிக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் சின்ன புல்லியை மறுபடி மாட்டினேன். ஸ்பார்க் நேரத்தை, இன்ஜின் சுழலும் கோணக் கணக்கில், ஒவ்வொரு டிகிரியாக முன்தள்ளி, ஒவ்வொரு தடவையும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கடைசி இரண்டு டிகிரியில், சக்கரத்தின் திறனை அளக்கும் டைனோ கருவியில், 5 குதிரைத்திறன்தான் கூடியது. அந்த இரண்டு டிகிரியைப் பழையபடி பின்தள்ளிவிட்டேன்.

எனக்குக் கிடைத்தது சக்கரத்தில் 398. நீங்கள் கேட்ட 400 அதுதான். மூன்றாவது இழுப்பிலும் உள்ளே போகும் காற்று 65 டிகிரியைத் தாண்டுவதில்லை, எட்டு பிளக்கும் சுத்தமாக இருக்கின்றன. அந்த 398ஐவிட இந்த இரண்டும்தான் எனக்குப் பெருமை. 450க்கு மேல் ஆசைப்பட்டால் முதலில் பிஸ்டன்களைத் தாங்கும் கனெக்டிங் ராடுகளை மாற்ற வேண்டும், அதாவது இன்ஜினைப் பிரிக்க வேண்டும். அது வேறு செலவு.

டயரை மறக்காதீர்கள். பின்பெட்டி காலி, பின்னால் லீஃப் ஸ்பிரிங், முன்னால் இரும்பு பிளாக் கொண்ட கனத்த வி8. 295 அகலமுள்ள டயர் இருந்தும் மழையில் இரண்டாவது கியரிலேயே வால் விலகும். டயர் பழசாகி ரப்பர் இறுகிப்போயிருந்தால், பள்ளம் தேயாமல் இருந்தாலும், புதிது போடுங்கள். தானியங்கி கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் கூலர் போட்டால் நல்லது.

புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்டரை எடுத்துவிடச் சொல்பவர்கள் வருவார்கள். எடுக்காதீர்கள், அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் அதைத் தடைசெய்கிறது. தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இருக்கிறது, இப்படியெல்லாம் மாற்றிச் சாலையில் ஓட்ட முடியாது. பெட்ரோல் பங்கில் எழுதியிருக்கும் ஆக்டேன் எண்ணையும் ஒப்பிட வேண்டாம். அமெரிக்காவில் எழுதுவது இரண்டு அளவைகளின் சராசரி, இந்தியாவில் சொல்வது அவற்றில் பெரிய எண்.

உங்கள் ஹூஸ்டன் வெயிலுக்கு 2 பிஎஸ்ஐ கூட்டும் புல்லியோடு முதல் கோடைக்காலத்தை ஓட்டச் சொல்வேன். 93 ஆக்டேன் தவிர வேறு போடாதீர்கள். எந்த டியூன் வாங்கினாலும், காற்றுச் சூடேறும்போது ஸ்பார்க்கைப் பின்தள்ளும் பகுதி இயக்கத்தில் இருக்கிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதிவுகளை இங்கே போட்டால் நானும் பார்த்துச் சொல்கிறேன். அதற்குமுன், இந்த வாரமே, இன்ஜினை ஓடவிட்டு அந்த இரண்டு குழாய்களையும் கையால் பிடித்துப் பாருங்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆன வண்டி, பம்பு ஓடுகிறதா என்றே உங்களுக்கு இன்னும் தெரியாது.