மூன்று இன்ஜின் மிச்சம் இருந்தும் ஏன் அவசரம்?

கேள்வி: நான்கு இன்ஜின் உள்ள சரக்கு விமானத்தில் ஒன்று போனால், மீதி மூன்றை வைத்துப் பறக்கலாமே? ஏன் இத்தனை பதற்றம்?

பதில்: நின்றுபோனால் பறக்கலாம். சிதறினால் கதை வேறு. 2020 நவம்பர் 13 அன்று ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க்கிலிருந்து வியன்னாவுக்கு 84 டன் சரக்கோடு ஓர் ஆன்டனோவ் ஆன்-124 சரக்கு விமானம் கிளம்பியது. சற்று நேரத்தில் இடது இறக்கையின் உள்பக்க இன்ஜினில், முன்விசிறி இதழ்களைப் பிடித்திருக்கும் வட்டு உடைந்தது. துண்டுகள் இன்ஜினைச் சுற்றியிருக்கும் உறையைக் கிழித்துக்கொண்டு விமானத்தின் உடம்பில் பாய்ந்து மின்கம்பிகளை அறுத்தன. மற்ற மூன்று இன்ஜினும் இருந்தன. ஆனால் ரேடியோ ஊமையாகிவிட்டது. பிரேக், ஸ்பாய்லர் (வேகம் குறைக்க இறக்கைமேல் எழும் தகடு), ரிவர்சர் (இன்ஜின் விசையை முன்னோக்கித் திருப்பி வேகம் குறைப்பது) எதுவும் கைகொடுக்கவில்லை. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேச வழியில்லாமலே திரும்பி வந்து இறங்கினார்கள். சுமார் 3,600 மீட்டர் ஓடுபாதை போதாமல், முனை தாண்டிப் பனியில் இன்னும் 300 மீட்டர் அளவுக்கு ஓடி, முன்சக்கரக் கால் மடங்கி நின்றது. உள்ளே இருந்த 14 பேருக்கும் காயமில்லை.

கேள்வி: உறையைக் கெட்டியாகச் செய்து துண்டுகளைத் தடுக்கக் கூடாதா?

பதில்: ஓர் இதழ் பிய்ந்தால் உறை தாங்கியே ஆக வேண்டும். சான்றிதழ் வாங்கும்போதே, முழு வேகத்தில் சுழலும் விசிறியில் ஓர் இதழை வெடிவைத்துப் பிய்த்துக் காட்டுகிறார்கள். வட்டு உடைந்தால் தாங்காது. தாங்கும் அளவுக்கு உறை செய்தால் அதன் கனத்தில் விமானம் எழும்பாது. ஆகவே வட்டுக்கு ஆயுள் வைத்திருக்கிறார்கள். இத்தனை முறை பறந்துவிட்டால், பார்க்கப் புதிது போல இருந்தாலும் கழற்றிப் போட்டுவிட வேண்டும். இடையிடையே ஒளிரும் சாயத்தில் நனைத்துத் துடைத்து, இருட்டறையில் புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். மயிரிழை விரிசல் இருந்தால் அதில் தங்கிய சாயம் பச்சைக் கோடாக மின்னும். உலோகத்துக்குள்ளேயே ஒளிந்த குறை இதில் சிக்காது. அதற்கு மீயொலிச் சோதனை வேண்டும்.

கேள்வி: இன்ஜினில் தீ என்றால் விமானி முதலில் என்ன செய்வார்?

பதில்: விமானத்தை ஓட்டுவார். கிளம்பும் நேரமென்றால், 400 அடி ஏறும்வரை எச்சரிக்கை மணியை நிறுத்துவதைத் தவிர வேறெதிலும் பொதுவாகக் கை வைப்பதில்லை. பிறகு, போயிங் 747 என்றால், ஆட்டோ த்ராட்டிலை (இன்ஜின் விசையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) துண்டிப்பது, அந்த இன்ஜினின் விசை லீவரை முழுக்கப் பின்னுக்கு இழுப்பது, எரிபொருள் சுவிட்சை அணைப்பது, தீ சுவிட்சை இழுப்பது. இந்த ஓர் இழுப்பிலேயே எரிபொருள், ஹைட்ராலிக் வால்வுகள் மூடி, ஜெனரேட்டரும் விலகிவிடும். எச்சரிக்கை அணையாவிட்டால் அதே சுவிட்சைத் திருகினால் தீயணைப்புக் குப்பி பீய்ச்சும். 30 விநாடி பார்த்துவிட்டு, மறுபக்கம் திருகினால் இரண்டாவது குப்பி. மூன்றாவது கிடையாது.

ஒருவர் லீவரில் கை வைத்ததும், 'அதுதான்' என்று மற்றவர் சொன்ன பிறகே அசைக்க வேண்டும். வெறும் சடங்கென்று நினைக்காதீர்கள். 2021 ஜூலை 2 நள்ளிரவுக்குப் பின் ஹொனலூலுவில் கிளம்பிய போயிங் 737-200 சரக்கு விமானத்தில் கெட்டது வலது இன்ஜின். விமானிகள் இடது என்று முடிவுகட்டினார்கள். நல்ல இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருக்க, நோயாளி இன்ஜினை நம்பிப் பறந்து கடலில் இறங்கியது. இருவரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

கேள்வி: 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் கிளம்பிய 747 சரக்கு விமானத்திலிருந்து இன்ஜின் துண்டுகள் விழுந்தன. அது ஏன் அங்கேயே திரும்பாமல் பெல்ஜியத்துக்குப் போனது?

பதில்: நீளம்தான் காரணம். பக்கத்தில் எல்லை தாண்டி இருக்கும் லியேஜின் ஓடுபாதை, மாஸ்ட்ரிக்ட்டைவிட ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளம். 747-400 கிளம்பும்போது 390 டன்னுக்கு மேலும் இருக்கலாம். இறங்க அனுமதி 300 டன் அளவே. இந்த வித்தியாசத்தைக் குறைக்கத்தான் இறக்கை முனைக் குழாய் வழியாக எரிபொருளைக் கொட்டுகிறார்கள். தீ அணையவில்லை என்றால் அதற்கெல்லாம் பொறுக்க மாட்டார்கள். கனத்தோடேயே இறங்கிவிட்டு, சக்கரக் கால்களையும் இறக்கை இணைப்புகளையும் பிறகு பரிசோதிப்பார்கள்.

கேள்வி: எடை குறைக்கச் சரக்கைத் தள்ளிவிட்டால் என்ன?

பதில்: முடியாது. அந்தப் பெரிய கதவு வானில் திறப்பதற்கானதல்ல. சரக்கு ஏற்றிய பலகைகளும் விமானத்தின் தரையோடு பூட்டப்பட்டிருக்கும். பூட்டு விட்டாலே ஆபத்து. 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராமில், கட்டு அறுந்த ராணுவ வாகனம் பின்னால் உருண்டு வால்பகுதியைச் சிதைத்ததால் ஒரு 747 விழுந்து 7 பேர் இறந்தார்கள். அதில் இன்ஜின்களிடம் எந்தப் பழுதும் இல்லை.