டிராஃப்ட் லீகில் நண்பர் கேட்கும் டிரேடை ஏற்கலாமா?

எட்டுப் பேர் ஆடும் பிரீமியர் லீக் டிராஃப்டில் (இங்கிலாந்து கால்பந்து லீக்கின் நிஜ வீரர்களை ஆளுக்குச் சிலராகப் பிரித்து எடுத்து, அவர்களுடைய ஆட்டத்தை வைத்துப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு), உங்கள் நண்பர் பெயர்பெற்ற மிட்ஃபீல்டர் (நடுக்கள வீரர்) ஒருவரையும் சாதாரண டிஃபெண்டர் (தடுப்பு வீரர்) ஒருவரையும் டிரேடாக, அதாவது மாற்றாகத் தந்து, வாரந்தோறும் உங்களுக்குப் புள்ளி சேர்க்கும் மிட்ஃபீல்டரையும் டிஃபெண்டரையும் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நானாக இருந்தால் இப்படியே ஏற்கமாட்டேன்.

அணியில் 15 பேர் இருந்தாலும் புள்ளி தருவது களமிறக்கும் 11 பேர்தான். டிராஃப்டில் கேப்டனும் கிடையாது என்பதால் பெரிய வீரரின் புள்ளி இரட்டிப்பாவதும் இல்லை. அவர் தரும் டிஃபெண்டர் உங்கள் பெஞ்சில்தான் உட்காருவார் என்றால், அந்த இடத்தில் ஆடப்போவது இப்போது பெஞ்சில் இருக்கும் உங்கள் டிஃபெண்டர். ஆகவே நீங்கள் ஒப்பிட வேண்டியது அவர் காட்டும் இரண்டு பெயர்களை அல்ல. அவருடைய மிட்ஃபீல்டரும் உங்கள் பெஞ்ச் டிஃபெண்டரும் சேர்ந்து எடுக்கக்கூடிய புள்ளிகளை, நீங்கள் கொடுக்கப்போகும் இருவரின் புள்ளிகளோடு ஒப்பிட வேண்டும். மிட்ஃபீல்டர் போடும் கோலுக்கு 5 புள்ளி. டிஃபெண்டரின் அணி கோல் வாங்காமல் முடித்தாலே 4. மாதத்தில் இரண்டு முறை அப்படி முடிக்கும் டிஃபெண்டரை விட்டுக்கொடுத்தால், வருகிற மிட்ஃபீல்டர் அந்த 8 புள்ளிகளையும் சேர்த்து ஈடுகட்ட வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2023 டிசம்பரில், குளச்சல் கடற்கரையில் வலைக் குவியலின் மேல் போனைச் சாய்த்து வைத்து, கிழிந்த வலைக் கண்களை முடிந்துகொண்டே என் நண்பன், "மக்கா, சலாவத் தா, பாமரத் தாறேன்" என்றான். என்னிடம் இருந்தவர் லிவர்பூலின் சலா, அவனிடம் இருந்தவர் செல்சியின் பாமர். சலாவைப் போய் யாராவது கொடுப்பார்களா என்று மறுத்துவிட்டேன். புத்தாண்டு அன்று நியூகாசிலுக்கு எதிராக சலா இரண்டு கோல் போட்டபோது (ஒரு பெனால்டியை வீணாக்கியதை நான் கண்டுகொள்ளவில்லை) நண்பனை ஒரு நாள் முழுக்கக் கிண்டல் செய்தேன். அதன்பின் சலா தன் நாடான எகிப்துக்காக ஆப்பிரிக்கக் கோப்பையில் ஆடப் போனார். ஜனவரி 18 அன்று கானாவுடனான ஆட்டத்தில் பின்தொடைத் தசையில் காயம். நான்கு லீக் ஆட்டங்கள் போயின. பிப்ரவரி 17 அன்று பிரென்ட்ஃபோர்டில் வந்து கோல் போட்டவர், அடுத்த இரண்டு லீக் ஆட்டங்களிலும் இல்லை. ஏப்ரலில் பாமர் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக மூன்று கோல், எவர்ட்டனுக்கு எதிராக நான்கு என்று அடித்துத் தள்ளினார். கடைசி இடம் எனக்கு. எட்டுப் பேருக்கும் புரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

பாமரின் அந்த ஏழு கோல்களை டிசம்பரில் யாரும் கணித்திருக்க முடியாது, காயமும் அப்படித்தான். எங்கள் மாவட்டத்து இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜ் 2020 நவம்பரில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசனின் முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டு அந்த சீசனையே இழந்ததைப் பார்த்த எங்களுக்கு அது புதிதல்ல. ஆனால் ஜனவரியில் சலா இருக்கமாட்டார் என்பது காலண்டரிலேயே இருந்தது. பட்டியலில் முதலிடத்தில் இருந்த நண்பனால் அந்த மாதத்தைப் பொறுத்துக்கொண்டு, அவர் திரும்பும்வரை காத்திருக்க முடியும். கீழே கிடந்த எனக்கு அந்த வசதி இல்லை. ஒரே வீரர் அவனுக்கு ஒரு விலை, எனக்கு வேறொரு விலை. அதை நான் யோசிக்கவே இல்லை.

நீங்கள் எத்தனாவது இடத்தில் இருக்கிறீர்கள் என்று கேள்வியில் இல்லை. முதல் மூன்றுக்குள் என்றால் கைவசம் இருப்பதைக் கலைக்காதீர்கள். கீழே இருந்தால், டிஃபெண்டர்களை விட்டுவிட்டு மிட்ஃபீல்டருக்கு மிட்ஃபீல்டர் மட்டும் மாற்றலாம் என்று திருப்பிக் கேளுங்கள். டிஃபெண்டரையும் சேர்த்தே வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், உண்மையில் அவருடைய கண் உங்கள் டிஃபெண்டர் மேல்தான். அடுத்த ஐந்து வாரங்களில் அந்த அணி யாருடன் ஆடுகிறது என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.